படையில் சேராத விமானத்துக்கு எந்த நிறம்?

வாசகர் கேள்விகள் – பதில்கள்

பிரிட்டனின் டி.எஸ்.ஆர்-2 தாக்குதல் விமானத்தின் 1/72 அளவு மாதிரி ஒன்றைக் கட்டி, அந்த விமானம் ஒருநாளும் பூண்டிராத பச்சை–சாம்பல் படைக்கோலத்தில் வண்ணம் தீட்டி, அதன் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தேன். ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற கற்பனையில் கட்டப்படும் இத்தகைய மாதிரிகளை இத்துறையினர் ‘வாட்-இஃப்’ என்பார்கள். அந்தப் படத்தை ஒட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: டி.எஸ்.ஆர்-2 என்ற பெயரையே நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். படையில் சேராத விமானத்துக்குப் படைநிறம் பூசுவதில் என்ன பொருள் இருக்கிறது?

பிரிட்டிஷ் விமானப்படை தன் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களுக்கு மாற்றாக, மிகத் தாழ்வாகவும் மிக விரைவாகவும் பறந்து எதிரியின் ராடாருக்குத் தப்பிச் செல்லக்கூடிய ஒரு விமானத்தை 1957-இல் கேட்டது. விக்கர்ஸ், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் என்ற இரண்டு பழைய நிறுவனங்கள் ஒன்றாக இணைய வேண்டும் என்ற அரசின் நிபந்தனையோடு பிறந்த அந்த விமானம்தான் டி.எஸ்.ஆர்-2. அதன் முதல் விமானமான எக்ஸ்.ஆர். 219, 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கோம் டவுன் தளத்திலிருந்து ரோலண்ட் பீமாண்ட் ஓட்ட, டான் பவன் வழிகாட்டியாக அமர முதன்முறையாகப் பறந்தது. சக்கரக் கால்கள் ஒழுங்காக மடங்கவே பத்தாவது பறப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பதினான்காவது பறப்பில் அது ஒலியின் வேகத்தைத் தாண்டியது. 24 முறை, மொத்தம் ஏறக்குறைய 13 மணி நேரம் பறந்த பிறகு, 1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் தமது வரவுசெலவுத் திட்ட உரையில் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். பறந்த அந்த ஒரே விமானம் பீரங்கி ஆய்வுக்களத்தில் குண்டுபட்டுச் சிதைவதற்கு அனுப்பப்பட்டது. ஒருமுறையும் பறக்காத எக்ஸ்.ஆர். 220 காஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்திலும், எக்ஸ்.ஆர். 222 டக்ஸ்ஃபர்டிலும் இன்றும் நிற்கின்றன.

அதற்குப் பதிலாக அமெரிக்காவிடம் வாங்குவதாக இருந்த எஃப்-111கே விமானங்களையும் 1968 ஜனவரியில் பிரிட்டன் கைவிட்டது. கடைசியில், கடற்படைக்காக வடிவமைக்கப்பட்ட, முதலில் வேண்டாம் என்று விமானப்படையே ஒதுக்கிய பக்கனியரை 1969-இல் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்தக் கதையில் எந்த இடத்தில் ஒரு முடிவு வேறு மாதிரி எடுக்கப்பட்டிருந்தாலும் டி.எஸ்.ஆர்-2 படையில் சேர்ந்திருக்கும். அந்த ‘இருக்கும்’ என்ற சொல்லுக்குத்தான் நாங்கள் வண்ணம் பூசுகிறோம். 2006-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/72 அளவிலும், 2009-இல் 1/48 அளவிலும் இதன் கிட்டை (ஒட்டிக் கட்டுவதற்கான பாகங்களின் பெட்டியை) வெளியிட்ட பிறகு உலகெங்கும் இது ‘வாட்-இஃப்’ கட்டுவோரின் செல்லப்பிள்ளையாகிவிட்டது. உண்மையான விமானத்தின் நீளம் 27.13 மீட்டர். 1/72 அளவில் அது ஏறக்குறைய 37.7 சென்டிமீட்டர் வரும் என்பதால், அலமாரித் தட்டை முதலில் அளந்துவிட்டுக் கிட்டை வாங்குங்கள்.

சென்னை, திருவான்மியூர் வாசகர்: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே 1/72 கிட்டைக் கட்டி, சோதனை விமானத்தைப் போலவே முழு வெள்ளையாக இனாமல் வண்ணம் அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷும் பூசி, தூசி படாமல் பீரோவுக்குள் வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் வெள்ளை முழுவதும் பழுப்பேறி, பழைய பல் போல இருக்கிறது. இதையே 1970 வாக்கில் படையில் இருந்த விமானமாக மாற்றி வண்ணம் தீட்ட விரும்புகிறேன். பழைய வண்ணத்தை முழுவதும் எடுக்க வேண்டுமா? எந்த நிறங்களைப் பூசுவது?

உங்கள் வெள்ளையைக் கெடுத்தது வெயில் அன்று, இருட்டு. எண்ணெய்ப் பிசினை அடிப்படையாகக் கொண்ட இனாமல் வெள்ளையும் இனாமல் வார்னிஷும் வெளிச்சமே படாத இடத்தில்தான் விரைவாக மஞ்சள் பூக்கும். வீட்டுச் சன்னல் கதவுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட், அலமாரிக்குப் பின்னால் மறைந்த பகுதியில் மட்டும் பழுப்பாக இருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். நீங்கள் பாதுகாப்பதாக எண்ணிப் பீரோவில் வைத்ததே வினையாகிவிட்டது.

வண்ணத்தை உரிப்பதா வேண்டாமா என்பதை ஒரே ஒரு சோதனையால் முடிவு செய்யலாம். விளக்கைச் சாய்த்துப் பிடித்து இறக்கையின் மேல்புறத்தைப் பாருங்கள். தகட்டுக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் உரிக்க வேண்டியதில்லை. வண்ணம் நிரம்பிக் கோடுகள் தூர்ந்துபோயிருந்தாலோ, தூரிகைத் தடங்கள் மேடு பள்ளமாக இருந்தாலோ மட்டுமே உரிக்க வேண்டும். அக்ரிலிக் வண்ணமாக இருந்தால் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே பெரும்பாலும் கழன்றுவிடும். நன்கு இறுகிய இனாமல் அதற்கு அவ்வளவாக மசியாது. அதற்குக் காஸ்டிக் சோடாக் கரைசல் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அதைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும் என்பதால் அடுக்களைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆனால் கட்டி முடித்த மாதிரியை அப்படி முக்கினால் விமானி அறைக்குள் நீங்கள் பாடுபட்டுத் தீட்டியதும் சேர்ந்து கரையும், உடனடிப் பசையால் ஒட்டிய இணைப்புகள் சில தளர்ந்துபோகவும் கூடும். ஆகையால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் உரிக்க மாட்டேன்.

முதலில் பழைய டெக்கால்களின் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுச் சின்னங்களின்) மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள். பிறகு 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுவதும் மடியும்வரை மென்மையாகத் தேயுங்கள். அதன்மேல் 2000 எண் தாளால் ஒருமுறை. இணைப்புக் கோடு எங்காவது வெடித்திருந்தால் பட்டி பார்த்துத் தேய்க்க இதுவே தக்க தருணம். இந்த விமானத்தின் உடல் நீளமானது, பக்கங்கள் ஏறக்குறையத் தட்டையானவை என்பதால், சிறிய இணைப்புப் பிளவுகூட ஒரு முழங்கை தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளையில் ஒளிந்துகொண்ட பிளவுகள் கரும்பச்சையில் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி மூடியை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டுச் சாம்பல் நிறப் பிரைமர் அடியுங்கள். இந்தப் பிரைமரும் அடுத்து வரும் வண்ணங்களும் அக்ரிலிக்காக இருக்கட்டும். பழைய இனாமலின் மேல் லாக்கர் அடித்தால், லாக்கரின் கரைப்பான் அடியில் ஊடுருவி இனாமலை அப்பளம் பொரிவதுபோலச் சுருக்கிவிடும். எனக்கு அப்படி ஒரு முழு விமானம் வீணாயிற்று. அடிவயிற்றில் மறைவான ஓர் இடத்தில் முதலில் சிறிது அடித்து, ஒருநாள் பொறுத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

இனி நிறம். இதில்தான் ‘வாட்-இஃப்’ கட்டுவோர் பலர் சறுக்குகிறார்கள். கற்பனை என்பதால் எந்த நிறமும் பூசலாம் என்று நினைக்கிறார்கள். நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. வரலாற்றில் ஒரே ஒரு பொய்யைத்தான் அனுமதிப்பேன். அந்தப் பொய்க்குப் பிறகு எல்லாமே மெய்யான நடைமுறையின்படி நடக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தப் பொய், 1965 ஏப்ரலில் திட்டம் கைவிடப்படவில்லை என்பது. அதன்பின் 1970-இல் பிரிட்டிஷ் விமானப்படை ஒரு தாக்குதல் விமானத்தை எப்படி வைத்திருந்ததோ அப்படியே இதையும் வைத்திருக்க வேண்டும்.

சோதனை விமானத்தின் வெள்ளை அழகுக்காகப் பூசப்பட்டது அன்று. அணுகுண்டு வெடிக்கும்போது எழும் கடும் ஒளிவெப்பத்தைத் திருப்பி எறிவதற்காக, உயரத்தில் பறந்த வல்கன், விக்டர் போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்குப் பூசப்பட்ட வெள்ளை அது. அடர்நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் அவற்றின் வட்டச் சின்னங்களைக்கூட வெளிறிய இளஞ்சிவப்பிலும் இளநீலத்திலும் வரைந்தார்கள். 1960 மே 1 அன்று உயரத்தில் பறந்த அமெரிக்க யூ-2 உளவு விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியதும் உயரத்தின் பாதுகாப்புப் பற்றிய நம்பிக்கை ஆட்டம் கண்டது. விமானங்கள் தரையை ஒட்டிப் பறக்கத் தொடங்கின. மேலிருந்து பார்க்கும் எதிரிப் போர்விமானத்தின் கண்ணில் வெள்ளை பளிச்சென்று படும் என்பதால் 1964 முதல் மேல்புறங்கள் பச்சை–சாம்பலாக மாறின. தாழப் பறப்பதற்கென்றே பிறந்த டி.எஸ்.ஆர்-2, படைப்பிரிவுக்குப் போகும் நாளில் வெள்ளையாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே 1970-க்கு, அதன் இடத்தில் வந்த பக்கனியரின் கோலத்தையே பின்பற்றுங்கள். மேல்புறத்துக்குப் வண்ணங்களுக்கு எண் வகுத்த பிரிட்டிஷ் தரநிலை 381சி-யின் 638 எண்ணுள்ள கருங்கடற் சாம்பலும் 641 எண்ணுள்ள கரும்பச்சையும், அடிப்புறத்துக்கு 627 எண்ணுள்ள இளஞ்சாம்பலும் வேண்டும். ஹம்பிரால் வண்ணங்களில் இவை முறையே 164, 163, 166. நீங்கள் எந்த நிறுவனத்தின் அக்ரிலிக்கை வாங்கினாலும் குப்பியில் 381சி எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வட்டச் சின்னம் சிவப்பு–வெள்ளை–நீலமாகவே இருக்க வேண்டும். வெள்ளையை நீக்கிச் சிவப்பு–நீலமாக்கியது 1970-களின் தொடக்கத்தில்தான் என்பதால், நீங்கள் 1975 என்று சொன்னால் சின்னமும் மாறிவிடும். எண்ணுக்கு எக்ஸ்.எஸ். 660 முதல் 670 வரை உள்ளவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவை டி.எஸ்.ஆர்-2-வுக்கென்றே மெய்யாக ஒதுக்கப்பட்டு, விமானமே இல்லாமல் போன எண்கள். படைப்பிரிவுக்கு, 1969 அக்டோபரில் ஹானிங்டன் தளத்தில் பக்கனியரைப் பெற்ற 12-ஆம் பிரிவின் நரித்தலைச் சின்னம் பொருத்தமாக அமையும். மற்றப் பக்கனியர் கிட்டுகளின் மிச்ச டெக்கால்களிலிருந்து அது கிடைக்கும்.

பூசும் வரிசையைப் பொறுத்தவரை இளஞ்சாம்பல் முதலில், அதை மறைத்துவிட்டுக் கருஞ்சாம்பல், கடைசியில் பச்சை. இரு நிறங்கள் சேரும் எல்லையை மென்மையாக்குகிறேன் என்று ஏர்பிரஷ்ஷை (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவியை) கையில் பிடித்தபடியே வளைவுகளை வரைவார்கள், அது தவறு. மெய்யான விமானத்தில் அந்த எல்லை ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் புகைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 72-ஆல் வகுத்தால் 0.7 மில்லிமீட்டர்தான் வரும். ஒட்டுப்பசைக் களிமண்ணை மெல்லிய திரியாக உருட்டி எல்லையில் வைத்து, நேர் மேலிருந்து அடித்தால் அந்த அளவு தானாகவே வந்துவிடும். பச்சையில் சில சொட்டு வெள்ளை கலந்துகொள்ளுங்கள். சிறிய பொருளில் அடர்நிறங்கள் உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும். 1970-இல் பிரிட்டிஷ் விமானங்களின் வண்ணத்தில் இன்னும் சிறிது பளபளப்பு இருந்தது. முழு மங்கல் பிறகுதான் வந்தது. எனவே கடைசிப் பூச்சு அரைப்பளபளப்பாக இருக்கட்டும்.

தாம்பரம், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்: விமானங்களின் அடியில் படுத்து வேலை செய்தவன் நான். இல்லாத பிரிவில், இல்லாத விமானத்தை, இருந்ததுபோல் காட்டுவது வரலாற்றைத் திரிப்பது ஆகாதா? பிள்ளைகள் பார்த்தால் மெய் என்றே நம்பிவிடுவார்கள்.

ஐயா, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. அதைச் சிரித்து ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. என் வீட்டுக்கு வந்த ஒரு சிறுவன் இந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, “இது எந்தப் போரில் சண்டை போட்டது?” என்றுதான் முதலில் கேட்டான். அன்றிலிருந்து என் மாதிரிகளின் அடிப்பலகையில் இரண்டு வரி எழுதி ஒட்டுகிறேன். முதல் வரியில் நடந்தது, இரண்டாம் வரியில் நான் கற்பித்தது. “1965-இல் கைவிடப்பட்டது, மூன்று மட்டுமே இன்று பேசப்படும் அளவுக்கு உருப்பெற்றன” என்பது மேலே, “12-ஆம் பிரிவு, 1970 என்பது கற்பனை” என்பது கீழே. கண்காட்சியில் வைப்போர் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கிட்டில் உள்ள அறிவுரைத் தாளைப் பார்த்து அப்படியே வண்ணம் தீட்டும்போது, அந்த நிறம் ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இல்லாத ஒரு விமானத்துக்கு நிறம் தேட வேண்டி வந்தபோதுதான் வெள்ளைக்கும் அணுகுண்டுக்கும் உள்ள உறவும், பச்சைக்கும் ராடாருக்கும் உள்ள உறவும் எனக்குத் தெரியவந்தன. நீங்கள் பணியில் இருந்த காலத்திலேயே நம் விமானப்படையில் பறந்த கான்பெராக்கள் 1957-இல் வந்து 2007 வரை பணியாற்றின அல்லவா? அந்தக் கான்பெராவுக்கு மாற்றாகப் பிறந்த விமானம் படையையே காணாமல் போக, மாற்றப்பட வேண்டியது இங்கே அரை நூற்றாண்டு பறந்தது என்பதையும் இந்தத் தேடலில்தான் நான் சேர்த்துப் பார்த்தேன்.

ஓர் எல்லையை மட்டும் நானும் தாண்டுவதில்லை. மெய்யான போரில் மெய்யான மனிதர்கள் இறந்த தாக்குதல்களை, நான் கற்பித்த விமானத்தின் கணக்கில் எழுதி, மூக்கில் குண்டுச் சின்னங்களை வரிசையாக வரைய மாட்டேன்.

மதுரை வாசகர்: டி.எஸ்.ஆர்-2-வை 1991 வளைகுடாப் போர்க்கால இளஞ்சிவப்பு நிறத்தில் கட்டலாம் என்றிருக்கிறேன். இறக்கைகளின் கீழ் எத்தனை ஆயுதங்களைத் தொங்கவிடலாம்?

இந்தக் கோலத்தை நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன்; உதிரிப்பெட்டியில் இருந்ததையெல்லாம் தொங்கவிட்டு, அது விமானமா ஆயுதக் கடையா என்று கேட்கும்படி செய்துவிட்டேன். டி.எஸ்.ஆர்-2-வுக்கு உடலுக்குள் ஒரு குண்டறையும் இறக்கைகளின் கீழ் நான்கு தொங்குமுனைகளும்தான் உண்டு. 1991-இல் பிரிட்டனின் பக்கனியர்கள் லாசிமவுத் தளத்திலிருந்து பஹ்ரைனின் முஹரக்குக்குப் போனபோது எவற்றைச் சுமந்தன என்று பாருங்கள்: லேசர் ஒளிபாய்ச்சும் ‘பேவ் ஸ்பைக்’ கலம், ராடாரைக் குழப்பும் கலம், தற்காப்புக்கு ஒரு சைட்விண்டர் ஏவுகணை, அவற்றோடு லேசர் ஒளியால் வழிநடத்தப்படும் ‘பேவ்வே’ குண்டு. உங்கள் நான்கு முனைகளுக்கும் கணக்குச் சரியாகவே இருக்கிறது. மேலும், 1991-இல் உங்கள் விமானத்துக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இடையில் எச்சரிக்கைக் கருவிகள் சேர்க்கப்படாமல் இருந்திருக்காது என்பதால், செங்குத்து வாலின் உச்சியில் பிளாஸ்டிக் துண்டால் ஒரு சிறு புடைப்பு வைத்தால் கண்ணுக்கு அது உடனே ‘வயதான’ விமானமாகத் தெரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை இது மீள்வண்ணம் தீட்டுவோருக்கு வாய்த்த விருந்து. ஏனென்றால் மெய்யான விமானங்களே அப்போது மீள்வண்ணம் தீட்டப்பட்டவைதாம். பச்சை–சாம்பல் கோலத்தின்மேல், போர் முடிந்ததும் காரக் கரைசலால் கழுவி எடுத்துவிடக்கூடிய தற்காலிகப் பூச்சாகத்தான் அந்தப் பாலைநிறத்தை அடித்தார்கள். அது நெடுநாள் தாங்கவில்லை. ஏணி வைக்கும் இடத்திலும், பராமரிப்பாளர் கால்பட்ட இடத்திலும், இறக்கையின் முன்விளிம்பிலும் தேய்ந்து, அடியிலிருந்த பச்சை எட்டிப்பார்த்தது. நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் முழுக் கோலத்தையும் பச்சை–சாம்பலில் முடித்து வார்னிஷ் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை இரண்டு முறை அடித்து, காய்ந்ததும் பாலைநிற அக்ரிலிக்கை மெல்லியதாகத் தெளியுங்கள். அரைமணி நேரத்துக்குள் ஈரத் தூரிகையால் வேண்டிய இடங்களில் தேய்த்தால் மேற்பூச்சு மட்டும் கழன்று வரும். தொடங்கிவிட்டால் கை நிற்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. விமானிகள் ஏறும் பக்கத்தில் மட்டும் தேய்த்துவிட்டு, தூரிகையை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுங்கள்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவர்: என்னிடம் ஏர்பிரஷ் இல்லை. தூரிகையால் இதைச் செய்ய முடியுமா?

பச்சை–சாம்பல் கோலத்தைத் தாராளமாகச் செய்யலாம். முழு வெள்ளையைத் தூரிகையால் தடமில்லாமல் பூசுவது மிகக் கடினம். கருநிறங்கள் அதைவிடப் பெரிதும் மன்னிப்பவை. தட்டையான, மென்மயிர்த் தூரிகையை வாங்கி, அக்ரிலிக்கைப் பால் போல நீர்த்துக்கொண்டு, ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே சில மணி நேரம் விட்டு, முதற்பூச்சை இறக்கையின் நீளவாட்டிலும் அடுத்ததைக் குறுக்கிலுமாக மூன்று நான்கு முறை பூசுங்கள். முதற்பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து வண்ணத்தைக் கெட்டியாக்கிவிடாதீர்கள். எல்லைக் கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை வளைவாக வெட்டி ஒட்டினால் போதும்.

பெங்களூர் வாசகர்: பிரிட்டன் கதையே எதற்கு? நம் மாருத் விமானத்தை ‘வாட்-இஃப்’ ஆகக் கட்ட முடியாதா?

கட்ட முடியும், டி.எஸ்.ஆர்-2-வைவிட மனத்தைத் தொடும் கதை அது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் கூர்ட் டாங்க் தலைமையில் உங்கள் ஊர் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் ஓட்ட முதன்முறையாகப் பறந்த ஹெச்.எஃப்-24 மாருத்தின் உடல், ஒலியின் இருமடங்கு வேகத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டது. அதற்கென்று எண்ணியிருந்த, பின்னெரிப்பு (வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஏற்பாடு) கொண்ட ஆர்ஃபியஸ் 12 இயந்திரத்தைப் பிரிட்டன் பாதியில் நிறுத்திவிட்டது. அதன் வளர்ச்சிச் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. கடைசியில் பின்னெரிப்பு இல்லாத ஆர்ஃபியஸ் 703 இயந்திரங்கள் இரண்டைப் பொருத்தி, ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையிலேயே அது நின்றுபோயிற்று. 147 விமானங்கள் கட்டப்பட்டு, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பயன்பட்டன.

இதில் உங்கள் ஒரே பொய், ஆர்ஃபியஸ் 12 கிடைத்தது என்பதாக இருக்கட்டும். அப்படியானால் மாதிரியில் மாற வேண்டியது வண்ணம் மட்டுமன்று. பின்னெரிப்புக் கருவி நீளமானது என்பதால் வாலடியில் உள்ள இரண்டு வெளிக்குழாய்களும் சற்றே நீண்டு பருக்க வேண்டும். வேறு போர்விமானக் கிட்டுகளின் மிச்சக் குழாய்கள் இதற்குப் பயன்படும். இன்னொரு பாதையும் உண்டு. எகிப்து அந்நாளில் இ-300 என்ற இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாருத் எகிப்துக்கே கொண்டுசெல்லப்பட்டு, 1967-இல் அந்த இயந்திரத்துடன் அங்கே பறக்கவும் செய்தது. 1969-இல் அந்த முயற்சி நின்றுபோயிற்று. இந்த இரண்டில் எதை எடுத்தாலும், உங்கள் ஊரிலேயே ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத் நிற்கிறது. அட்டைப்பெட்டிப் படத்தை நம்பாமல் நேரில் போய், வாலடியை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புதுச்சேரி வாசகர்: ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தேன். காய்ந்ததும் கரும்பச்சையின் மேல் பால் ஊற்றியதுபோல் வெண்படலம் படிந்துவிட்டது. வண்ணம் போலியா?

வண்ணத்தின் மேல் குற்றமில்லை. லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்பைக் குளிரவைக்கிறது; ஈரக்காற்றில் உள்ள நீர் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளிபோலப் படிந்து, பூச்சுக்குள் சிக்கி வெளுத்துத் தெரிகிறது. கடலோர ஊர்களில் அடைமழைக் காலத்தில் இது தவிர்க்க இயலாத தொல்லை. மழை விட்ட ஒரு நாளின் நண்பகலில், மெதுவாக ஆவியாகும் ‘ரிட்டார்டர்’ கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லியதாக அதன்மேல் தெளித்தால் பெரும்பாலும் படலம் கரைந்து நிறம் மீளும். அமுக்கிக் குழாயில் நீர்பிடிப்பான் பொருத்தியிருந்தால் அதைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சன்னலைச் சாத்திவிட்டு லாக்கர் அடிக்காதீர்கள். மழைக்காற்றைவிட அந்த ஆவி உங்கள் நுரையீரலுக்குக் கெடுதல்.

ஈரோடு வாசகர்: பழைய கிட் ஒன்றின் டெக்கால் தாள் மஞ்சளாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் அச்சுப்பக்கம் வெளியே பார்க்க ஒட்டிவையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சில நாள்களிலேயே மஞ்சள் வெளுக்கும். பிறகு வேண்டாத ஓர் எழுத்தை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால் முழுத்தாளின் மேலும் ஒளிபுகும் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் மாதிரியின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடிக்க மறந்தால், டெக்காலின் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்ததுபோல் தெரியும்.

தஞ்சாவூர் வாசகர்: என் டி.எஸ்.ஆர்-2 மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒட்டி முடித்துவிட்டேன்; என்ன செய்வது?

உடலை ஒட்டுவதற்கு முன் மூக்கினுள் எடை வைத்திருக்க வேண்டும். இனி, முன்சக்கர அறையின் மேற்கூரையில் வெளியே தெரியாத மூலையில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, மீன்பிடி தூண்டிலுக்குக் கட்டும் சிறு ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். மாதிரியின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தபடி எப்பாக்சிப் பசையை ஊற்றி, ஒரு நாள் அசையாமல் நிறுத்திவையுங்கள். எத்தனை குண்டு என்பதை ஊற்றுவதற்கு முன்பே, மூக்கின் மேல் அவற்றை ஒட்டுநாடாவால் கட்டி நிறுத்திப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே இருந்ததைவிட இரண்டு கூடுதலாக உள்ளே போடுங்கள்.